எச்டிஎம்ஐயா, டிஸ்ப்ளேபோர்ட்டா, டிவிஐயா: எந்த மானிட்டரை எதில் இணைப்பது?

கேள்வி இதுதான்: “என்னிடம் ஜிடிஎக்ஸ் 1660 சூப்பர் கிராபிக்ஸ் கார்டு இருக்கிறது. அதன் பின்புறம் டிவிஐ, எச்டிஎம்ஐ, டிஸ்ப்ளேபோர்ட் ஆகிய மூன்றும் ஒவ்வொன்று உள்ளன. புதிதாக 27 அங்குல மானிட்டர் வாங்கினேன். 2560 × 1440, 165 ஹெர்ட்ஸ். பெட்டியில் எச்டிஎம்ஐ கேபிள் மட்டும் வந்தது. அதை மாட்டினால் 144 ஹெர்ட்ஸுக்கு மேல் போகவில்லை. பழைய 1920 × 1080 மானிட்டரையும் பக்கத்தில் வைத்துக்கொள்ள ஆசை. அதில் விஜிஏ, டிவிஐ இரண்டும் உண்டு. கடைக்காரர் தங்கமுலாம் பூசிய ‘8கே’ எச்டிஎம்ஐ கேபிள் வாங்கினால் எல்லாம் சரியாகிவிடும் என்கிறார். வாங்கலாமா?”

வாங்க வேண்டாம். புதிய மானிட்டரை டிஸ்ப்ளேபோர்ட்டில் இணையுங்கள், பழையதை டிவிஐயில். எச்டிஎம்ஐ முனை டிவிக்காகக் காலியாக இருக்கட்டும். 8கே கேபிளுக்குக் கொடுக்கவிருந்த பணத்தில் நல்ல டிஸ்ப்ளேபோர்ட் கேபிள் ஒன்று வாங்கினால் மிச்சமும் பிடிக்கலாம். அவசரமாக இருப்பவர்கள் இத்துடன் நிறுத்திக்கொள்ளலாம். காரணம் தெரிந்தால் அடுத்த கார்டு வாங்கும்போது கடைக்காரரிடம் கையேந்த வேண்டியிருக்காது என்பதால் மேலே எழுதுகிறேன்.

முனையைத் தேர்ந்தெடுக்க ஒரு கணக்குப் போதும்: நொடிக்கு எத்தனை பிட் கடத்த வேண்டும்? உங்கள் திரையில் 2560 × 1440, அதாவது 36,86,400 புள்ளிகள் இருக்கின்றன. ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றுக்கும் தலா 8 பிட் வீதம் 24 பிட். 144 ஹெர்ட்ஸ் என்றால் நொடிக்கு 144 முறை படத்தைப் புதுப்பிப்பது; அத்தனை முறை இதை அனுப்பினால் நொடிக்கு 12.7 ஜிகாபிட். படத்தின் வரிசைகளுக்கு இடையிலும், ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் இடையிலும் சிறிது இடைவெளி விட வேண்டும் என்பதால் நடைமுறையில் இது 14.1 ஜிகாபிட் அளவுக்கு ஏறுகிறது. 165 ஹெர்ட்ஸுக்கு இதே கணக்கு 16.3 ஜிகாபிட்.

இப்போது கார்டின் பக்கம் வருவோம். உங்கள் கார்டில் இருப்பது எச்டிஎம்ஐ 2.0 தலைமுறை. அதன் வேகம் 18 ஜிகாபிட் என்று பெட்டியில் பெருமையாகப் போட்டிருப்பார்கள். ஆனால் அந்தத் தலைமுறையில் ஒவ்வொரு 8 பிட் தகவலும் 10 பிட்டாக மாற்றி அனுப்பப்படுகிறது. ஆகவே படத்துக்கு உண்மையில் கிடைப்பது 14.4 ஜிகாபிட்தான். 144 ஹெர்ட்ஸ் அதற்குள் இடித்துப்பிடித்து அடங்கிவிடுகிறது, 165 அடங்காது. நீங்கள் கண்ட தடை இதுதான். 48 ஜிகாபிட் தாங்கும் கேபிளை மாட்டினாலும் கார்டு 18 ஜிகாபிட்டுக்கு மேல் ஒரு பிட்டும் கூடுதலாக அனுப்பாது. கார்டின் முனை, கேபிள், மானிட்டரின் முனை ஆகிய மூன்றில் எது மெதுவானதோ அதன் வேகமே உங்களுக்குக் கிடைக்கும். விற்பனையாளர்கள் எப்போதும் நடுவில் இருப்பதைப் பற்றியே பேசுவார்கள், ஏனென்றால் அவர்களால் உடனே விற்க முடிந்தது அதுதான்.

உங்கள் கார்டின் டிஸ்ப்ளேபோர்ட் 1.4 தலைமுறை. 32.4 ஜிகாபிட்டில் படத்துக்கு 25.92 கிடைக்கிறது. 165 ஹெர்ட்ஸை 8 பிட்டுக்குப் பதிலாக 10 பிட் வண்ணத்தில் ஓட்டினாலும் 20 ஜிகாபிட் சுற்றித்தான் ஆகும். தாராளமாக இடம் இருக்கிறது. திரை புதுப்பிக்கும் நேரத்தைக் கார்டின் வேகத்தோடு ஒத்துப்போகச் செய்யும் வசதிக்கும் இந்த முனைதான் நல்லது. உங்கள் கார்டின் சில்லை உருவாக்கிய என்விடியா நிறுவனம் 2019 ஜனவரியில், தன் சிறப்புச் சில்லு இல்லாத சாதாரண மானிட்டர்களிலும் இந்த வசதியை அனுமதித்தபோது, டிஸ்ப்ளேபோர்ட் வழியாகத்தான் அனுமதித்தது.

அடாப்டர் விவகாரத்தில் பலர் பணத்தை வீணாக்குவதால் இவற்றின் வம்சாவளியையும் சொல்லிவிடுகிறேன். 1987இல் ஐபிஎம் கொண்டுவந்த விஜிஏ அனலாக் முறை. கார்டு எண்களை மின்னழுத்தமாக மாற்றும், தட்டைத்திரை மானிட்டர் அதை மீண்டும் எண்களாக மாற்றும். இரண்டு முறை மொழிபெயர்த்ததில் எழுத்துகளின் ஓரம் மங்கும். 1999இல் வந்த டிவிஐ இந்த வீண்வேலையை ஒழித்து எண்களை நேராக அனுப்பியது. 2002 இறுதியில் வந்த எச்டிஎம்ஐ, டிவிஐயின் அதே மின்சமிக்ஞை முறையை எடுத்துக்கொண்டு, ஒலியைச் சேர்த்து, முனையைச் சின்னதாக்கி, வரவேற்பறைக்கு ஏற்றதாகச் செய்தது. சோனி, பிலிப்ஸ், தோஷிபா, ஹிட்டாச்சி போன்ற டிவி தயாரிப்பாளர்கள் சேர்ந்து உருவாக்கியது அது. இன்றும் அதன் குணம் டிவியின் குணமே. டிஸ்ப்ளேபோர்ட் வேறு குடும்பம். கணினித் துறையின் வெசா அமைப்பு 2006இல் வெளியிட்டது. வலைப்பின்னலில் தகவல் போவதைப் போலவே இதில் படம் சிறு பொட்டலங்களாகப் பிரிந்து போகிறது.

டிவிஐயும் எச்டிஎம்ஐயும் ரத்த உறவு என்பதால் இரண்டுக்கும் இடையே மாற்றுவதற்கு வெறும் கம்பி போதும்; உள்ளே சில்லு எதுவும் தேவையில்லை. சில நூறு ரூபாயில் கிடைக்கும், இரண்டு திசையிலும் வேலை செய்யும். டிஸ்ப்ளேபோர்ட்டிலிருந்து எச்டிஎம்ஐக்கு மாறுவது கொஞ்சம் வேறு. கார்டின் முனை அருகே ‘டி’ எழுத்துக்குள் ‘பி’ எழுத்தும் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறிகளும் இருந்தால், தேவைப்படும்போது அந்த முனையால் எச்டிஎம்ஐ போலவே பேச முடியும். மலிவான அடாப்டர் மின்னழுத்தத்தை மட்டும் சரிசெய்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். ஆனால் இவற்றை நம்பி 4கே (3840 × 2160) 60 ஹெர்ட்ஸ் எதிர்பார்க்கக் கூடாது. பெரும்பாலானவை 4கே 30 அளவோடு நின்றுவிடும். அதற்கு மேல் வேண்டுமானால் உள்ளே மாற்றும் சில்லு உள்ள வகையைக் கேட்டு வாங்க வேண்டும்.

எதிர்த்திசை முற்றிலும் வேறு கதை. கார்டிலோ மடிக்கணினியிலோ எச்டிஎம்ஐ மட்டும் இருந்து மானிட்டரில் டிஸ்ப்ளேபோர்ட் மட்டும் இருந்தால் சாதாரண கேபிள் உதவாது. படத்தை முழுவதுமாக வேறு மொழிக்கு மாற்றும் கருவி வேண்டும், அதற்கு யூஎஸ்பி வழியாகத் தனியாக மின்சாரமும் கொடுக்க வேண்டும். ஒரு பக்கம் எச்டிஎம்ஐயும் மறுபக்கம் டிஸ்ப்ளேபோர்ட்டும் உள்ள கேபிள்களில் அநேகமாக எல்லாமே டிஸ்ப்ளேபோர்ட்டிலிருந்து எச்டிஎம்ஐக்கு மட்டும் வேலை செய்பவை. திருப்பி மாட்டிவிட்டுக் கேபிள் பழுது என்று திட்டுகிறவர்கள் ஏராளம்.

உங்கள் பழைய மானிட்டருக்கு அடாப்டரே தேவையில்லை. 1920 × 1080, 60 ஹெர்ட்ஸுக்குத் தேவையான புள்ளிவேகம், அதாவது நொடிக்கு அனுப்ப வேண்டிய புள்ளிகளின் கணக்கு, 148.5 மெகாஹெர்ட்ஸ், ஒற்றை இணைப்பு டிவிஐ 165 மெகாஹெர்ட்ஸ் வரை தாங்கும். டிவிஐயிலிருந்து டிவிஐக்கு நேராக ஒரு கேபிள் போட்டால் போதும். விஜிஏ கேபிள் கையில் இருக்கிறதே என்று டிவிஐ-விஜிஏ மாற்றி ஒன்றை வாங்கிவிடாதீர்கள். உங்கள் கார்டில் இருப்பது டிவிஐ-டி. அதில் அனலாக் சமிக்ஞை கிடையாது. தட்டையான ஊசியைச் சுற்றி நான்கு சிறு துளைகள் இல்லாததைப் பார்த்தாலே தெரியும். சாதாரண மாற்றி அதில் நுழையவே நுழையாது.

பதிப்பு எண்களை நம்பாதீர்கள் என்று இன்னும் கொஞ்சம் உரக்கவே சொல்ல விரும்புகிறேன். எச்டிஎம்ஐ 2.1 வரையறை 2017இல் வந்தது. உச்ச வேகம் 48 ஜிகாபிட். ஆனால் அதன் புதிய வசதிகள் எல்லாமே விருப்பத்துக்கு உட்பட்டவை. 2.0 என்ற வரையறை 2.1க்குள் கரைந்துவிட்டது என்பது உரிமம் வழங்கும் அமைப்பின் நிலைப்பாடு. விளைவு, பழைய 18 ஜிகாபிட் வேகம் மட்டுமே உள்ள மானிட்டரின் பெட்டியிலும் ‘எச்டிஎம்ஐ 2.1’ என்று சட்டப்படி அச்சிடலாம். அச்சிடவும் செய்கிறார்கள். இது வாங்குபவரை ஏமாற்றும் ஏற்பாடு என்று சொல்ல எனக்குத் தயக்கமில்லை. டிஸ்ப்ளேபோர்ட்டும் இதில் உத்தமர் அல்ல: 2.1 என்ற பெயருக்குள் 40, 54, 80 ஜிகாபிட் என மூன்று வேகங்கள் ஒளிந்திருக்கின்றன. என்விடியாவின் போட்டியாளரான ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 7000 வரிசை வீட்டுக் கார்டுகளில் 54. என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 50 வரிசையில் 80. ஆகவே மானிட்டர் வாங்கும்போது பெட்டியைப் படிப்பதைவிட, தயாரிப்பாளரின் விவரப் பக்கத்திலோ கையேட்டிலோ ‘இந்த முனையில் இந்தத் தெளிவில் அதிகபட்சம் இத்தனை ஹெர்ட்ஸ்’ என்று தரப்பட்டிருக்கும் வரியைத் தேடுங்கள். அந்த வரியே இல்லாத மானிட்டரை நான் வாங்க மாட்டேன்.

இதே காரணத்தால் ‘கணினிக்கு எப்போதும் டிஸ்ப்ளேபோர்ட்தான் மேல்’ என்ற பொதுவான அறிவுரையும் அரைகுறைதான். ஆர்டிஎக்ஸ் 30, 40 வரிசைக் கார்டுகளில் டிஸ்ப்ளேபோர்ட் 1.4 தலைமுறையிலேயே நின்றுவிட, எச்டிஎம்ஐ 48 ஜிகாபிட்டுக்குப் போய்விட்டது. 4கே, 144 ஹெர்ட்ஸ், 10 பிட் வண்ணத்துக்கு 39 ஜிகாபிட் அளவுக்குத் தேவை. அந்தக் கார்டுகளின் எச்டிஎம்ஐ அதைச் சுருக்காமலே அனுப்பும், மானிட்டரின் முனையும் முழு வேகமுள்ளதாக இருந்தால். டிஸ்ப்ளேபோர்ட் 1.4 படத்தைச் சுருக்கித்தான் அனுப்ப முடியும். அந்தச் சுருக்கத்தைச் சாதாரணப் பயன்பாட்டில் கண்ணால் கண்டுபிடிப்பது மிகக் கடினம் என்பதால் அதற்காகக் கவலைப்பட வேண்டியதில்லை. ஆனாலும் அங்கே எச்டிஎம்ஐ பின்தங்கியதல்ல.

கேபிள்கள். டிஜிட்டல் சமிக்ஞையில் தங்கமுலாம் படத்தை அழகாக்காது. முலாம் ஊசியில் துரு ஏறாமல் காக்கும், அவ்வளவுதான். மலிவான கேபிளிலும் அது உண்டு. தரமற்ற கேபிளில் படம் சற்று மங்கலாகத் தெரியும் என்று நினைப்பது விஜிஏ காலத்துப் பழக்கம். டிஜிட்டலில் கேபிள் திணறினால் திரையில் வெள்ளைப் புள்ளிகள் மின்னும், சில நொடிகள் படம் கறுத்துப்போய் மீண்டும் வரும், அல்லது தேர்ந்தெடுத்த வேகம் நிலைக்காது. இவை எதுவும் இல்லையென்றால் 200 ரூபாய்க் கேபிளும் 2,000 ரூபாய்க் கேபிளும் கொண்டுசேர்ப்பது ஒரே பிட்டுகளைத்தான்.

எச்டிஎம்ஐ கேபிளில் ‘8கே’ என்று எழுதியிருப்பதற்கு மதிப்பில்லை. ‘பிரீமியம் ஹை ஸ்பீடு’ என்றால் 18 ஜிகாபிட்டுக்கும், ‘அல்ட்ரா ஹை ஸ்பீடு’ என்றால் 48 ஜிகாபிட்டுக்கும் சோதிக்கப்பட்டது. பெட்டியில் கைபேசியால் சரிபார்க்கக்கூடிய முத்திரை ஒட்டியிருக்கும். டிஸ்ப்ளேபோர்ட் கேபிளில் வெசா சான்றிதழைப் பாருங்கள். உங்கள் தேவைக்கு ‘டிபி8கே’ என்ற சான்று தாராளம். நீளம் இரண்டு மீட்டருக்குள் இருக்கட்டும். அதற்கு மேல் போகப்போக வேக இழப்புக்கான வாய்ப்பு கூடும். அறை விட்டு அறை கொண்டுபோக வேண்டுமானால் ஒளியிழைக் கேபிள் இருக்கிறது. அதில் எந்தப் பக்கம் கார்டு, எந்தப் பக்கம் திரை என்று குறித்திருப்பார்கள், மாற்றி மாட்டினால் வேலை செய்யாது.

டிஸ்ப்ளேபோர்ட் கேபிளில் மட்டும் மலிவு ஆபத்தாகும் ஓர் இடம் உண்டு. அதன் 20 ஊசிகளில் கடைசியானது அடாப்டர்களுக்கு மின்சாரம் கொடுப்பதற்கானது. இரு பக்கமும் டிஸ்ப்ளேபோர்ட் முனை உள்ள சாதாரண கேபிளில் அந்தக் கம்பியை இணைக்கவே கூடாது என்பது விதி. சில பெயர் தெரியாத தயாரிப்பாளர்கள் இணைத்துவிடுகிறார்கள். அப்போது மானிட்டரிலிருந்து கார்டுக்குள் மின்சாரம் ஏறும். கணினி அணைந்த பிறகும் ஏதோ விளக்கு எரிந்துகொண்டிருக்கும், அல்லது கேபிளைப் பிடுங்கினால்தான் கணினி கிளம்பும். இந்த அறிகுறிகளைக் கண்டு மதர்போர்டை மாற்றப் போகிறவர்கள் முதலில் கேபிளை மாற்றிப் பாருங்கள்.

டிஸ்ப்ளேபோர்ட்டின் எரிச்சல் ஒன்றையும் மறைக்கக் கூடாது. அந்த வழியில் இணைத்த மானிட்டரை அணைத்தால், பல மானிட்டர்களில் கேபிளையே பிடுங்கிவிட்டதாக விண்டோஸ் எடுத்துக்கொள்கிறது. அந்தத் திரையில் திறந்து வைத்திருந்தவையெல்லாம் அடுத்த திரைக்கு ஓடிவிடும். விண்டோஸ் 11இல், எந்த மானிட்டரில் எது இருந்தது என்பதை நினைவில் வைத்துக்கொள்ளும் அமைப்பு இருக்கிறது. இரண்டு மானிட்டர் வைக்கப்போகும் உங்களுக்கு அது தேவைப்படும்.

டிவி என்று வரும்போது விவாதமே இல்லை. டிவிகளில் எச்டிஎம்ஐதான் இருக்கும். உங்கள் கார்டிலிருந்து 4கே 60 ஹெர்ட்ஸை 8 பிட் முழு வண்ணத்தில் அனுப்பலாம். வெளிச்சத்தையும் இருளையும் கூடுதல் வீச்சில் காட்டும் எச்டிஆருக்காக 10 பிட்டுக்குப் போனால் 60 ஹெர்ட்ஸில் இடம் போதாது. வண்ணத் தகவலைப் பாதியாகக் குறைத்துத்தான் அனுப்ப வேண்டும். படம் பார்க்கும்போது தெரியாது. ஆனால் கறுப்புப் பின்னணியில் சிவப்பு எழுத்து இருந்தால் ஓரங்கள் கரைந்தது போலத் தெரியும். டிவியில் கறுப்பு சாம்பலாக வெளிறித் தெரிந்தால் கார்டின் கட்டுப்பாட்டுப் பலகத்தில் வண்ண வீச்சு ‘லிமிடெட்’ என்று இருக்கிறதா பாருங்கள். டிவிகள் 16 முதல் 235 வரையான எண்களையும் கணினி 0 முதல் 255 வரையான எண்களையும் பயன்படுத்தும் பழைய வழக்கத்தால் வரும் குழப்பம் அது. அந்த எச்டிஎம்ஐ உள்ளீட்டுக்கு டிவியின் பட்டியலில் ‘பிசி’ என்று பெயர் கொடுத்தால் பல டிவிகள் விளிம்பு வெட்டுவதையும் கூர்மை கூட்டுவதையும் தாமாகவே நிறுத்திவிடும்.

லினக்ஸ் பயன்படுத்துகிறவராகவும் ஏஎம்டி கார்டு வைத்திருப்பவராகவும் இருந்தால் டிஸ்ப்ளேபோர்ட்டையே முதலில் பாருங்கள். எச்டிஎம்ஐ 2.1க்கான திறந்தமூல டிரைவரை (கார்டை இயக்கும் மென்பொருளை) ஏஎம்டி எழுதி முன்வைத்தபோது, வரையறையை நிர்வகிக்கும் எச்டிஎம்ஐ ஃபோரம் 2024 தொடக்கத்தில் அதற்கு அனுமதி மறுத்தது. கார்டில் இருக்கும் வன்பொருள் திறமை காகித உரிமத்தில் சிக்கிக்கொண்ட கதை அது.

யூஎஸ்பி-சி முனையைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் மடிக்கணினி வைத்திருந்தால் ஒரு வார்த்தை. அந்த முனை வழியாகப் போகும் படம் பெரும்பாலும் டிஸ்ப்ளேபோர்ட்தான், உடை மட்டும் வேறு. எல்லா யூஎஸ்பி-சி முனையும் படம் தராது. முனையின் அருகே டிஸ்ப்ளேபோர்ட் சின்னமோ தண்டர்போல்ட்டின் மின்னல் சின்னமோ இருந்தால் ஓரளவு நம்பலாம், இல்லையென்றால் கையேட்டைப் பாருங்கள். டப்பா போன்ற இணைப்புப் பெட்டி வழியாக மாட்டினால், முனைக்குள் தகவல் போகும் நான்கு தடங்களில் இரண்டை யூஎஸ்பி எடுத்துக்கொள்வதால் படத்துக்கான வேகம் பாதியாகலாம். 4கே திரை 30 ஹெர்ட்ஸில் இழுத்துக்கொண்டு ஓடினால் அங்கேதான் காரணம் இருக்கும்.

இணைத்து முடித்ததும் சில சரிபார்ப்புகள். கேபிள் கிராபிக்ஸ் கார்டின் முனையில்தான் போகிறதா, மேலே மதர்போர்டில் இருக்கும் முனையிலா என்று பாருங்கள். புதுக் கணினியில் படமே வரவில்லை என்பவர்களிடம் நான் முதலில் கேட்பது இதைத்தான். விண்டோஸ் புதிய மானிட்டரைப் பல நேரங்களில் 60 ஹெர்ட்ஸில்தான் தொடங்கிவைக்கும். காட்சி அமைப்புகளின் மேம்பட்ட பகுதிக்குப் போய் 165ஐ நீங்களே தேர்ந்தெடுக்க வேண்டும். அந்த எண் பட்டியலிலேயே இல்லையென்றால் மானிட்டரின் சொந்தப் பட்டியலில் டிஸ்ப்ளேபோர்ட் பதிப்பு 1.1 என்றோ 1.2 என்றோ வைக்கப்பட்டிருக்கிறதா பாருங்கள். சில மானிட்டர்கள் பழைய கார்டுகளுக்குப் பயந்து அப்படியே அனுப்பப்படுகின்றன. 1.4க்கு மாற்றி, அணைத்துப் போடுங்கள். கழற்றும்போது மட்டும் எச்டிஎம்ஐ போல இழுத்துவிடாதீர்கள். டிஸ்ப்ளேபோர்ட் முனையில் பெரும்பாலும் ஒரு பூட்டு இருக்கும். மேலே உள்ள பொத்தானை அழுத்திக்கொண்டே உருவ வேண்டும்.